புரட்டாசி வெயிலை லேசாக நினைக்காதீர்கள்!

"வெயிலா? அதெல்லாம் கத்திரியோட போச்சு டாக்டர். இன்னும் பதினைஞ்சு நாள்ல மழை பிடிச்சிடும். எனக்கு வெறும் பித்தம்தான். ஒரு சூரணம் கொடுங்க, போதும்!"

புரட்டாசி மாதத்தில் என் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். தலைவலி, கிறுகிறுப்பு, வாய்க்கசப்பு, கெண்டைக்கால் இழுப்பு, நீர்க்கடுப்பு, ராத்திரி தூக்கமின்மை... எல்லாவற்றுக்கும் 'பித்தம்' என்று அவர்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வெயிலை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

எங்கள் ஊர் கடலூர். கடற்கரைக்கும் என் மருத்துவமனைக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. 'கடல் பக்கத்துல இருக்கு, காத்து வரும், நமக்கென்ன' என்கிற தைரியம் இங்கே எல்லோருக்கும் உண்டு. சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் எங்கே போனாலும் இதே தைரியம்தான்.

ஆனால், நம் பாட்டிமார்கள் ஏமாறவில்லை. 'புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்' என்று சொல்லிவைத்தார்கள். கவனித்தீர்களா? மழை இரண்டாவதாகத்தான் வருகிறது. பொன் உருகுகிற வெயில்தான் முதலில்!

மெரினா சொன்ன பாடம்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. தமிழ் மாதக் கணக்கில் புரட்டாசி 20. சென்னை மெரினா கடற்கரையில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை. குழந்தை குட்டிகளோடு லட்சக்கணக்கான மக்கள் மணலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்புவதற்குள் ஏராளமானோர் மயங்கி விழுந்தார்கள். 5 பேர் உயிரிழந்தார்கள்.

அன்றைக்கு வெயில் 40 டிகிரியைத் தொடவில்லை. கத்திரி வெயில் காலத்தில் வேலூரிலும் கரூரிலும் பார்க்கிற எண்கள் எதுவும் அன்று சென்னையில் இல்லை. கூட்டமும், தண்ணீர் கிடைக்காததும், மணிக்கணக்காக நிழலில்லாமல் இருந்ததும், காற்றின் ஈரப்பதமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. இதே மே மாதமாக இருந்தால், வயதான தாத்தாவை அந்த வேளையில் மணலுக்கு அழைத்துப்போக நம் வீட்டுப் பெண்கள் சம்மதித்திருப்பார்களா? 'வெயில் காலம் முடிஞ்சாச்சு' என்கிற நினைப்புதான் நம்மைக் கவிழ்த்தது.

அதே அக்டோபர் மாதத்தில்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் ஒரு பேரிடர்தான் என்பதை இனி நாமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்தச் சூடு?

சூரியன் நம் தலைக்கு நேர் உச்சியில் வருவது வருஷத்துக்கு ஒருமுறை அல்ல, இரண்டுமுறை. வடக்கே போகும்போது சித்திரையில் ஒருமுறை. தெற்கே திரும்பும்போது ஆவணியில் இன்னொருமுறை. ஆகவே புரட்டாசியிலும் அது அதிக தூரம் போய்விடவில்லை.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவமழை ஓய்கிற நேரம் இது. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில்தான் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில் வானம் வெளுத்துக் கிடக்கும். காலையில் நிலத்தின் மேலிருந்து மேல்காற்று வீசும். பகலில் கடல்காற்று உள்ளே வந்தால்தான் நமக்கு விடுதலை. மேல்காற்று பலமாக இருந்தால், கடல்காற்று மூன்று மணி, நான்கு மணி என்று தாமதமாக வரும். சில நாள் வராமலே போய்விடும். அந்த நாள்தான் கொதிக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். பகல் ஒரு மணிக்கு மொட்டை மாடியில் காயும் துணியைப் பாருங்கள். துணி இன்னும் கடலைப் பார்த்துப் பறந்துகொண்டிருக்கிறதா? காற்று மேற்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம். சாயங்காலம் வரை வயதானவர்களை வெளியே விடாதீர்கள்.

மூன்றாவது, இதுதான் முக்கியம்... ஈரப்பதம். உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வது! மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் மேலே கசிந்த நீர் காற்றில் காய்வதால்தானே? கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கிறது. வியர்வை வழிகிறது, ஆனால் காய்வதில்லை. உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன, சூடு மட்டும் போகவில்லை. 35 டிகிரி வெயிலும் 60 சதவிகித ஈரப்பதமும் சேர்ந்தால், உடம்புக்குக் கிட்டத்தட்ட 45 டிகிரி போல இருக்கும்.

முன்னறிவிப்பை எப்படிக் கேட்பது?

கடலோர ஊர்களுக்கு 'வெப்ப அலை' என்று அறிவிக்க வானிலைத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வெயில் 37 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். புரட்டாசியில் நம் கடலோரத்தில் இயல்பு 34 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியானால், 37 டிகிரி அடித்தாலும் 'வெப்ப அலை' என்ற பெயர் வராது. 38.5 தாண்டினால்தான் வரும்.

ஆகவே, 'வெப்ப அலை'ன்னு சொல்லலையே என்று இருந்துவிடாதீர்கள். 'இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி கூடுதலாக இருக்கும், அதிக ஈரப்பதத்தால் அசௌகரியம் ஏற்படலாம்' என்று செய்தியில் வாசிப்பார்கள். அசௌகரியம் என்பது மென்மையான வார்த்தை. முப்பது வயதுக்காரருக்கு அது அசௌகரியம்தான். எழுபது வயதில், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற உங்கள் அப்பாவுக்கு அது ஆபத்து. அந்த அறிவிப்பை அவருக்காகக் கேளுங்கள்.

நான் கேட்க மறந்த கேள்வி

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. எனக்குப் பல வருஷமாகப் பழக்கமான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். வயது 68. பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர். பெருமாளுக்கு விரதம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் கோயில் வரிசையில் நின்றிருக்கிறார். பகல் 12 மணிக்கு வீடு வந்தவர், கிறுகிறுவென்று வருகிறது என்று படுத்துவிட்டார்.

மகன் எனக்குப் போன் செய்தார். "டாக்டர், அப்பாவுக்குத் தலை சுத்துதாம். விரதம் இருந்தார், பித்தமா இருக்கும்ல?"

எதிரே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். "பித்தம்தான் தம்பி. எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துப் படுக்க வைங்க. சாயங்காலம் அழைச்சிட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து மருமகள் அழுதபடி பேசினார். "மாமா என்னென்னவோ உளர்றாங்க டாக்டர். என்னைப் பார்த்து யாரும்மா நீங்கன்னு கேக்குறாங்க. உடம்பு நெருப்பாக் கொதிக்குது..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடனே 108-க்குப் போன் போடச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், தலையிலிருந்து கால்வரை தண்ணீர் ஊற்றுங்கள், ஃபேனைப் போடுங்கள் என்றேன். பிழைத்துவிட்டார். ஆனால் சிறுநீரகம் சோர்ந்துபோய், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

முதல் போன் வந்தபோதே நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். 'அப்பா தெளிவாப் பேசுறாரா?' கேட்கவில்லை. பித்தம் என்ற சொல் என் வாயையும் அடைத்துவிட்டது.

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். நோயாளியை எட்டு வகையாகச் சோதிக்க வேண்டும் என்பது எங்களுக்கு ஆரம்பப் பாடம். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்று தனியாக ஒன்று எதற்கு என்று மாணவனாக இருந்தபோது யோசித்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு யோசிக்கவில்லை.

வீட்டிலேயே நாலு சோதனை

எட்டும் உங்களுக்கு வேண்டாம். இந்த நாலு போதும். வெயில் கொதிக்கிற நாளில் ஒருவர் சோர்ந்து படுத்தால், உடனே பாருங்கள்.

மொழி: 'உங்க பேர் என்ன? இன்னிக்கு என்ன கிழமை? நான் யாரு?' என்று கேளுங்கள். பதில் குழறினாலோ, சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, அது பித்தம் அல்ல. வெப்பம் மூளையைத் தொட்டுவிட்டது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பரிசம்: புறங்கையை நெஞ்சிலும் முதுகிலும் வைத்துப் பாருங்கள். அனலாகக் கொதிக்கிறதா? 'வேர்த்திருக்கே, பயமில்லை' என்று நினைக்காதீர்கள். வெயில் அதிர்ச்சியில் சிலருக்குத் தோல் காய்ந்திருக்கும், சிலருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கும்.

நா: நாக்கு வறண்டு ஒட்டுகிறதா? வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகவே தெரியும். 'தாகமே இல்லை' என்று அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள்.

மூத்திரம்: காலையிலிருந்து எத்தனை முறை போனார்? என்ன நிறம்? இளமஞ்சள் என்றால் சரி. அடர் மஞ்சளாகவோ, கட்டங்காப்பி நிறத்திலோ கொஞ்சமாகப் போனால், உடம்பில் நீர் வற்றிவிட்டது.

மொழி தெளிவாக இருந்து, சோர்வு, தலைவலி, குமட்டல், தசை இழுப்பு மட்டும் இருந்தால், நிழலான இடத்தில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணி, முக்கால் மணியில் தெளிய வேண்டும். தெளியவில்லையா? ஆஸ்பத்திரிதான்.

மொழி குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை குளிர்விப்பதுதான் உங்கள் வேலை. சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேன் காற்று படச் செய்யுங்கள். ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எலுமிச்சைச் சாறோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இந்தச் சூட்டைக் குறைக்காது. சூரணமும் லேகியமும்கூட அந்த நேரத்தில் வேண்டாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்!

குடிக்க என்ன கொடுக்கலாம்?

சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கார்காலத்தில் பித்தம் தன்னிடத்திலேயே பெருகும், கூதிரில் மற்ற இடங்களுக்கும் பரவும், முன்பனியில்தான் அடங்கும் என்பது எங்கள் பாடம். அதனால் இந்த மாதங்களில் புளிப்பு, காரம், எண்ணெய்ப் பலகாரம் குறைத்து, கசப்பு, துவர்ப்பு, இனிப்பு சேர்ந்த எளிய உணவு நல்லது.

நீர்மோர்: ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர். கறிவேப்பிலை, இஞ்சித் துளி, உப்பு. பெரிய நெல்லிக்காய் ஒன்றை அரைத்துச் சேர்த்தால் நெல்லிமோர்.

நீராகாரம்: முதல் நாள் சோற்றில் ஊற்றிய தண்ணீர், உப்பு, சின்ன வெங்காயம். வெயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த காலைப் பானம் இல்லை.

நன்னாரி ஊறல்: நன்னாரி வேரின் நடுக்கட்டையை நீக்கி, மேல்பட்டையை நசுக்கி, ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் வடிகட்டுங்கள். சர்க்கரை நோயாளிகள் சர்பத்தாக வேண்டாம், ஊறலாகவே குடிக்கலாம்.

வெட்டிவேர்த் தண்ணீர்: சுத்தமான துணியில் முடிந்து மண்பானையில் போடுங்கள்.

வியர்த்துக் கொட்டிச் சோர்ந்தவருக்கு முதலிடம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுக்குத்தான். அது கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் டீஸ்பூனால் தலைதட்டி 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், கண்திட்டம் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஆபத்தாகலாம், அதில் பொட்டாசியம் அதிகம். இதய பலவீனத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களும், தங்கள் டாக்டரைக் கேட்டு அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விரதம் இருக்கிற வீடுகளுக்கு...

புரட்டாசி சனிக்கிழமை விரதத்தை விடச் சொல்லவில்லை. சோறு வேண்டாமென்றால் வேண்டாம். தண்ணீர், மோர், பானகத்தை விட்டுவிடாதீர்கள். கோயிலுக்குக் காலை 9 மணிக்குள் போய்விட்டு வாருங்கள், இல்லாவிட்டால் சாயங்காலம் போங்கள். குடையை மழைக்கென்று மாட்டி வைக்காதீர்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், எழுபது கடந்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம். வீட்டிலேயே மாவிளக்கு ஏற்றினாலும் பெருமாள் ஏற்றுக்கொள்வார்.

எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் அதிகாலையில் குளியுங்கள். விரத நாளிலும், உடம்பு அசந்திருக்கிற நாளிலும் வயதானவர்களுக்கு வேண்டாம். மேற்குப் பார்த்த ஜன்னல்களைப் பகலில் திரை போட்டு மூடிவிட்டு, கடல்காற்று வந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் அறையில் தாத்தா, பாட்டியைப் படுக்கவைக்காதீர்கள், கான்கிரீட் ராத்திரியெல்லாம் சூட்டைக் கக்கும். அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக் கதவைப் பகலில் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. இது டெங்கு தலைகாட்டும் பருவமும்கூட. நிழலில் படுத்து, நீர் குடித்த பிறகும் காய்ச்சல் விடவில்லையென்றால், 'சூட்டுக் காய்ச்சல்' என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாம் நாளே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அந்தத் தலைமையாசிரியர் அடுத்த வருஷம் புரட்டாசி பிறந்ததும் என்னிடம் வந்தார். "டாக்டர், இந்தத் தடவை விரதம் இருக்கலாமா?" என்றார்.

"இருங்க சார். சோத்துக்குத்தான் விரதம், தண்ணிக்கு இல்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிடணும்னு மட்டும் உங்க பி.பி. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றேன்.

சிரித்தார். "சரி. கிறுகிறுன்னு வந்தா உங்களுக்குப் போன் பண்ணச் சொல்றேன். இந்தத் தடவை நான் பேசுறேனான்னு கேளுங்க!"

கேட்கிறேன். போன் வரும்போதெல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் கேளுங்கள்.